மூடி மூட வேண்டும்

ஜூன் 3, செவ்வாய்

இருந்தவர்கள்: நான், மகள், கொழுந்தன். வீட்டுக்காரரும் இருந்தார், போர்வைக்குள், தூங்காமல்.

இரவெல்லாம் பேருந்து ஓட்டிவிட்டு வந்த மனிதர். அதே அறையில் மகளின் பழைய கம்ப்யூட்டர் மிக்ஸி மாதிரி அலறினால் எப்படித் தூங்குவார்? முந்தாநாள் ஸ்டியரிங்கிலேயே கண் சொருகிவிட்டதாம். என்னிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லியிருக்கிறார்.

மகளுக்குக் கட்டட வரைபடம் போடுகிற வேலை, வீட்டிலிருந்தே. அதனால்தான் அலமாரியின் கீழ்த்தட்டில் அடங்குகிற குட்டிப் பெட்டி ஒன்று வாங்கி, பாகங்களைச் சேர்த்துச் சத்தமில்லாத கம்ப்யூட்டராகப் பூட்டுகிறோம். ப்ராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலர் மட்டும் பாக்கி. கொழுந்தன் (இந்த ஏட்டில் அவருக்குச் சர்வஞானி என்று பெயர்) ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூலரா அது? கோபுரம். பெட்டியைத் தாண்டி நிற்கிறது.

"மூடியத் திறந்தே வச்சிடலாம் அண்ணி. காத்தோட்டமா இருக்கும்."

"வீட்டுக் கூரையையும் பிரிச்சிடலாமா தம்பி? இன்னும் காத்து வரும்."

மகள் சிரித்துவிட்டாள். அவர் கோபுரத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆண்டவனே, இந்த நாக்கையும் நீதானே கொடுத்தாய்.

ஜூன் 4, புதன்

காலை வழிபாடு முடிந்ததும் உட்கார்ந்து கூலர்களைப் பற்றிப் படித்தேன். சின்ன விசிறி வேகமாகச் சுற்றினால்தான் குளிரும், அதனால் கீச்சிடும். அகலமான விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதும். இந்த ஒரு வரி விஷயத்துக்கு இணையத்தில் ஆம்பிளைகள் பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறார்கள். 'என்னுடையது உன்னுடையதைவிட ரெண்டு டிகிரி குறைவு.' இவர்களில் எவன் வீட்டிலும் பகலில் தூங்குகிற ஆள் கிடையாது போலிருக்கிறது.

தட்டையான உடம்பு, அகல விசிறி. அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பெட்டியின் உள்ளுயரத்தைத் தையல் டேப் வைத்து நானே அளந்தேன். அளக்காமல் வாங்க நான் என்ன சர்வஞானியா?

ஜூன் 6, வெள்ளி

சர்வஞானி போன் செய்தார். எடுக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

கூலர் வந்தது. மகள் அதைப் பெட்டிக்குள் மாட்டி, தரையில் வைத்து ஓட்டினாள். விசிறி சுற்றுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு அமைதி. வீட்டுக்காரர் வாயைத் திறந்துகொண்டு மத்தியானம் வரை தூங்கினார்.

ஆனால் மூடி மூடவில்லை. ஒரு விரல் அகலம் எக்கிக்கொண்டு நிற்கிறது. மூடியைக் கழற்றிவிட்டாலும் அலமாரித் தட்டு இடிக்கிறது. தரையிலேயே விடலாமென்றால் அது கட்டிலிலிருந்து அவர் கால் ஊன்றும் இடம். மறுபடி பழைய கம்ப்யூட்டரின் அலறல்தான்.

நான் பெட்டியின் அடித்தகட்டிலிருந்து அளந்திருக்கிறேன். அடியில் மதர்போர்டு என்கிற பலகை, அதன்மேல் ப்ராசசர், அதன் தலைமேல்தானே கூலர் உட்காரும்? ஆளை அளந்தேன், அவன் நாற்காலிமேல் நிற்கிறான் என்பதை விட்டுவிட்டேன்.

மகள் தையல் டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

பிரித்த பொருளை வாங்கிய கடையில் திரும்ப எடுக்க மாட்டார்களாம். கடைக்காரர்களோடு பேசிச் சம்மதிக்க வைக்கிற ஆள் இந்தக் குடும்பத்தில் ஒருவர்தான்.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டு முறை எழுதி அழித்தேன். இரண்டிலும் குத்தல் இருந்தது. கடைசியில் அனுப்பியது இது:

'தம்பி, நான் வாங்கின கூலர் சத்தம் போடல, ஆனா மூடி மூடல. தப்பா அளந்தது நான்தான். விசிறி அகலம் குறையாம இதைவிடத் தட்டையா ஒண்ணு இருக்கா? கடையில பேசி மாத்தித் தர முடியுமா? இன்னைக்கு ராத்திரியும் அண்ணன் வண்டி எடுக்கிறார். சீக்கிரம் பதில் சொல்லுங்க.'