வெடிக்காத குண்டு

ஜூலை 6, சனி

வகுப்போடு அந்த உளவாளி படம் பார்த்தேன். நான் படித்து ரசித்த நாவலைக் கெடுத்திருப்பார்களோ என்று பயந்துகொண்டே போனேன். கெடுக்கவில்லை. கடிகாரம் பழுதுபார்ப்பவனாக வேஷம் போட்ட உளவாளி, எதிர்வீட்டுக்காரனைக் கண்காணிக்க வருகிறான். கண்காணித்துக் கண்காணித்தே சிநேகிதனாகிவிடுகிறான். ஒரு காட்சியில் இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான். நான் இமைக்கவே இல்லை. மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

இடைவேளையில் மொத்த வகுப்பும் வீட்டுக்குப் போகணும் என்று அடம்பிடிக்க, நூலக சார் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சித்தி வந்து அழைத்துப் போவதாக இருந்ததால் நானும் கொக்கும் மட்டும் தங்கினோம். (கொக்கு என் சிநேகிதி. கழுத்தைப் பார்த்தால் பெயர்க் காரணம் புரியும்.)

முடிவு! நாவலில் உளவாளி நண்பனைச் சுட்டுவிடுவான். படத்தில் சுடவில்லை. துப்பாக்கியைக் கழற்றி, கடிகாரத் திருகாணிகளோடு ஒரே டப்பாவில் போட்டு மூடுகிறான். மேலதிகாரி மாடிப்படி ஏறி வரும் சத்தம் கேட்கிறது. படம் முடிந்துவிட்டது.

ஜூலை 8

பள்ளி இதழுக்கு விமரிசனம் எழுதிக் கொடுத்தேன். எனக்குப் பிடித்த வாக்கியம்: ‘நாவலில் வெடித்த குண்டு படத்தில் வெடிக்கவே இல்லை, அதனால்தான் படம் முடிந்த பிறகும் பயம் முடியவில்லை.’

ஜூலை 10

அந்த வாக்கியத்தைத்தான் நூலக சார் அடித்திருக்கிறார். இதழுக்கும் அவர்தான் பொறுப்பு. மேலே சிவப்பு மையில்: ‘நாவலைப் போலவே படமும் ஒற்றைக் குண்டில் அதிர வைத்து முடிகிறது.’

“சார், படத்துல சுடவே இல்ல.”

“நாவலோட உயிரே அந்தக் குண்டுதாம்மா. அதை எடுத்துட்டு யாராவது படம் எடுப்பானா? நீ கண் அசந்திருப்பே.”

நானா! கண் அசந்தேனா!

“என் கண்ணால பார்த்தேன் சார்.”

“கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.”

தீர விசாரிக்க வேண்டியது யார்? இடைவேளையில் எழுந்து போனவரா, கடைசிவரை உட்கார்ந்திருந்தவளா? இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னது இதுதான்: “அப்போ என் பேரை எடுத்துடுங்க சார்.”

“பேரை எடுத்தா, இதழோட ஆசிரியர் குழுவுலயும் இருக்க முடியாது. யோசிச்சுச் சொல்லு.”

ஆறாம் வகுப்பிலிருந்து நான் ஆசைப்பட்ட இடம் அது.

அதே நாள், இரவு

அப்பா: “ஒரு வரிதானேம்மா. வளைஞ்சு குடுத்துப் போயேன்.”
அம்மா: “அவ எங்க வளைவா? உங்க அக்காவை அப்படியே உரிச்சு வச்சிருக்கா.”
அப்பா எழுந்து கை கழுவப் போய்விட்டார். அத்தைக்கு நன்றி.

ஜூலை 11

சாட்சிக்குக் கொக்கைக் கேட்டேன். தரையைப் பார்த்தாள்.

“கோவிச்சுக்காதடி. இடைவேளைக்கப்புறம் நான் தூங்கிட்டேன். சித்தி வந்து தட்டினப்பதான் முழிச்சேன்.”

துரோகி. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 12

மத்தியானம் அவளே ஓடி வந்தாள். “ஏய், குண்டு வெடிச்சிருந்தா நான் முழிச்சிருப்பேன்ல? நாற்காலி நகர்ந்தாலே முழிச்சுக்கற ஆளு நான்!”

அவள் தூக்கம்தான் சாட்சி! கையைப் பிடித்து ஆசிரியர் அறைக்கு இழுத்துப் போனேன். எல்லா ஆசிரியர்களுக்கும் முன்னால் கொக்கு கழுத்தை நிமிர்த்திச் சொன்னாள்: “சார், நான் நல்லா தூங்கினேன் சார். யாரும் சுடல.”

கணக்கு டீச்சர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. ஒரே சிரிப்பு. சார் மட்டும் சிரிக்கவில்லை. “ரெண்டு பேரும் வெளியே போங்க.”

போனோம். வாசலில் திரும்பி நின்று சொன்னேன்: “நீங்க எழுதின வரி அப்படியே வந்தா என் பேர் வேண்டாம் சார். குழுவும் வேண்டாம்.”

குரல் நடுங்கியது. நடுங்கட்டும். சொன்னேன் இல்லையா?

ஜூலை 15

ஒருவேளை நான்தான் தப்பாகப் பார்த்தேனோ? நாவல் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம், நடுவில் என் கற்பனையா? சே, அவர் சொன்னதையே நானும் நம்ப ஆரம்பிக்கிறேன்! வியாழக்கிழமையோடு படத்தைத் தியேட்டரிலிருந்து எடுக்கிறார்களாம். சித்தி காலில் விழுந்தாவது பார்க்கணும்.

ஜூலை 18, வியாழன்

பார்த்தேன். சுடவில்லை. சுடவில்லை. சுடவில்லை.

எங்களுக்கு முன்வரிசையில் ஓரமாக ஒரு வழுக்கைத் தலை. நூலக மேஜைக்குப் பின்னால் தினமும் பார்க்கும் தலை. டப்பா மூடும் காட்சியில் அது ஆடாமல் அசையாமல் இருந்தது. விளக்கு போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை. “கூப்பிடட்டுமாடி?” என்றார் சித்தி. வேண்டாம் என்றேன்.

ஜூலை 29

இதழ் வந்துவிட்டது. முதலில் ஆசிரியர் குழுவைப் பார்த்தேன். என் பெயர் இல்லை. கொஞ்சம் அழுகை வந்தது, மறைக்க மாட்டேன். பிறகு விமரிசனம். ‘நாவலில் வெடித்த குண்டு படத்தில் வெடிக்கவே இல்லை’. ஓர் எழுத்து மாறவில்லை. கீழே என் பெயர்.

நன்றி சொல்லப் போகவில்லை. என் வாக்கியம் என்னிடம் திரும்பி வந்ததற்கு எதற்கு நன்றி?

சாயங்காலம் நூலகத்தில் புத்தகம் திருப்பிக் கொடுத்தேன். சார் முத்திரை குத்தினார். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்:

“அந்த டப்பாவை மூடும்போது அவன் கை நடுங்கிச்சா?”

“இல்ல சார். மூடிதான் சரியா சேரல.”

“ம். எனக்கும் அப்படித்தான் பட்டுது” என்றார்.