மின்ஜா அக்கா கீறிய வீடு

என் அன்பு மேல்வீட்டு அக்காவுக்கு,

நீங்கள் வாசிக்க முடியாத எழுத்தில் இதை எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோதும் பாதிப் பிரெஞ்சிலும் பாதிக் கைச்சாடையிலும்தானே நாம் கதைத்துக்கொண்டோம்? இதுவும் எப்படியோ உங்களுக்கு விளங்கிவிடும்.

இந்தப் பிரெஞ்சு பேசும் பனிநகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நான் குடிவந்த புதிது. கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கிற இடத்தில் நின்று, மெசின் சத்தத்துக்கு மேலாக, "அப்பா கதைக்கிறன், அப்பா!" என்று போனில் கத்திக்கொண்டிருந்தேன். உங்கள் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்த நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். "அப்பாவா? நீ கொரியனா?" என்றீர்கள். உங்கள் மொழியிலும் அப்பா அப்பாதான் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். அதற்குப் பிறகு உங்களை எப்படி வேற்றாளாக நினைப்பது?

கணவரோடு இருபது வருசத்துக்கு மேல் டெப்பனர் என்கிற மூலைக்கடை நடத்தியவர் நீங்கள். அவர் போனபின், இளவயதில் சியோலில் விட்டுவந்த தூரிகையை மறுபடி எடுத்தீர்கள். உள்ளங்கை அகல அட்டைகளில் ஒரு வீடு, அதைவிடப் பெரிய ஒரு மரம், மேலே ஒரு சூரியன். சுவர் முழுக்க இவைதான். வேறு ஏதாவது கீறலாமே என்று கேட்டபோது, "வேறு என்ன இருக்கு?" என்று என்னையே திருப்பிக் கேட்டீர்கள்.

ஒருநாள் என் வீட்டுப் போட்டோவை உங்களிடம் தந்தேன். என் மனைவி கலா, பெரியவள், கலாவின் இடுப்பில் சின்னவள் துளசி. நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது துளசி வயிற்றில் இருந்தாள். பெரிய படமாக, முகம் அச்சாகக் கீறித் தருவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் தந்ததோ அதே உள்ளங்கை அட்டை. முட்டைபோல ஒரு வீடு, உள்ளே நாலு பேர், வாசலில் ஒரு நாய்.

"அக்கா, எங்களிட்டை நாய் இல்லையே?"

"வாங்கு."

"நான் இஞ்சை தனிய இருக்கிறன். இதிலை நாலு பேர் இருக்கினம்."

"வீடு எண்டால் எல்லாரும் உள்ளுக்கைதான்."

"ஒருத்தருக்கும் முகமும் இல்லை!"

"அவை வந்தாப்பிறகு முகத்தைப் பார்," என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றப் போனீர்கள்.

படத்தில் வீட்டுக்குப் பக்கத்து மரத்தில் இருந்த பறவை காகமோ என்று கேட்டேன். இல்லையாம், வெள்ளை வயிற்றுக்காரியாம். அது கத்தினால் வீட்டுக்கு ஆள் வருமாம். "அப்ப அது எங்கடை காகம்தான்," என்றேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் கலாவுக்கும் பிள்ளைகளுக்கும் விசா வந்துவிட்டதா என்று கேட்டீர்கள். நீங்கள் போனது மாசியில். விசா வந்தது வைகாசியில். அந்தக் கடிதத்தோடு என் கால்கள் தன்பாட்டில் மேல்மாடி ஏறிவிட்டன, அக்கா. பூட்டிய கதவுக்கு முன்னால்தான் நினைவு வந்தது.

ஆவணியில் வந்து சேர்ந்தார்கள். பெரியவள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். துளசி தாயின் சட்டைக்குப் பின்னால் ஒளிந்தாள். இரண்டாம் நாள், நான் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது கலாவிடம் சொன்னாள்:

"அப்பாவோடை கதைக்கவேணும். போன் எடுத்துத் தாங்கோ."

"இதுதானே பிள்ளை அப்பா!"

"இல்லை. இது ஆரோ மாமா. அப்பா போனுக்குள்ளை இருக்கிறார்."

கையில் அகப்பையோடு நின்றேன். பிறந்ததிலிருந்து அவள் அறிந்த அப்பா போன் திரையில் சிரிக்கிற சின்ன ஆள். ஐந்து வயதுப் பிள்ளையோடு எப்படி வழக்காடுவது? போனை எடுத்துக்கொண்டு வெளிப்படிக்கட்டில் போய் இருந்தேன். அங்கிருந்து கலாவின் போனுக்கு வீடியோவில் அழைத்தேன். "அப்பா!" என்று அவள் துள்ளிய சத்தம் கதவுக்குள்ளாலும் கேட்டது.

பிறகு அதுவே வழக்கமாயிற்று. வேலையால் வந்து, சாப்பிட்டு, படிக்கட்டில் போய் இருந்து என் மகளோடு கதைப்பேன். கலா யன்னலுக்குள்ளால் பார்த்து அழுவாள். இப்படியே போய்விடுமோ என்று எனக்கும் பயம்தான்.

கார்த்திகையில் முதல் பனி கொட்டிய அன்று துளசி போனைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

"அப்பா, இஞ்சை ஒரு படம் கிடக்கு. வீட்டுக்குள்ளை நாலு பேர்."

"ஆர் ஆர் எண்டு சொல்லுங்கோ பாப்பம்?"

"அம்மா. அக்கா. நான். மற்றது நீங்கள்."

"நானோ? நான் எங்கை நிக்கிறன்?"

"உள்ளுக்கைதான்." போனை மறுபடி தன் பக்கம் திருப்பினாள். என் பின்னால் கொட்டிய பனியைப் பார்த்திருக்க வேண்டும். "அப்ப ஏன் வெளியிலை இருக்கிறியள்? குளிருமெல்லே? வாங்கோ."

கதவைத் திறந்தவள் அவள்தான், அக்கா. என் தலையில் கிடந்த பனியை ஒற்றைக் கையால் தட்டிவிட்டாள். மற்றக் கையில் இன்னும் போன் இருந்தது. அதை நிறுத்த இருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். என் பிரெஞ்சைத் திருத்துகிறாள். உங்கள் மகன் உங்கள் படங்களைக் கோட்-டெ-நெய்ஜில் ஒரு நூலகத்தில் காட்சிக்கு வைக்கப்போகிறார். எங்களுடையதையும் கேட்டார், ஓம் என்றேன். "அது எங்கடை வீடு! என்னைக் கேக்காமல் ஏன் ஓம் எண்டனியள்?" என்று துளசி கதவை அடித்துச் சாத்தினாள். கலா பதறிப்போனாள். எனக்கென்றால் உள்ளூரச் சந்தோசம். பிள்ளை இப்படித் தன் தகப்பனோடுதானே சண்டை பிடிக்கும்?

காலையில் சமாதானத்துக்கு வந்தாள். படத்தைத் தான்தான் தூக்கிக்கொண்டு வருவாளாம்.

ஆகவே அக்கா, இது என் வாக்கு. பனி கரைந்ததும் நாங்கள் நாலு பேரும் அங்கே வருவோம். வருகிறவர்களுக்கு உங்களைப் பற்றி துளசி பிரெஞ்சில் சொல்லட்டும். எனக்கு வராத சொற்களெல்லாம் அவளுக்கு வரும். நான் பக்கத்தில் நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்வீட்டுத் தம்பி,
துளசியின் அப்பா