அப்பா ஏன் போனுக்கு வருவதில்லை

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி
ஏப்ரல் 22, 2025

அன்புள்ள இனியனுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பாதி நலம் என்று வைத்துக்கொள். பிளானோவில் நீயும் மாளவிகாவும் பேரன் க்ரிஷ்ஷும் முழு நலமாக இருக்க வேண்டும். போன் இருக்க இதென்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் பேசலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஐபேட், கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்று விடாமல் படித்துவிடுவார். நீ ஏழாவது வரை ஈரோட்டில் படித்தவன், எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவாய். டிசம்பரிலிருந்து அப்பா ஏன் உன் போனுக்கு வருவதில்லை என்று சொல்வதற்காகத்தான் எழுதுகிறேன், ஆனால் நேராக அங்கே போக எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் முதலில் கொஞ்சம் பாஸ்கெட்பால் ஆட்டத்தைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறேன், பொறுத்துக்கொள்.

உங்கள் பக்கத்து டல்லஸ் டீம்காரர்கள் பிப்ரவரியில் ஊர் தூங்குகிற நேரமாகப் பார்த்து, போன வருஷம் ஃபைனல் வரைக்கும் கூட்டிப்போன பையனைத் தூக்கி லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொடுத்தார்களே, எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அவன் உடம்பைப் பார்த்துக்கொள்வதில்லை என்று காரணம் பேசிக்கொண்டார்கள். வீட்டுப் பிள்ளை கொஞ்சம் குண்டானால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்களா? இங்கே எங்கள் நியூயார்க் டீம் நேற்று சொந்த மைதானத்திலேயே டெட்ராய்ட்டிடம் தோற்றது. இப்போதெல்லாம் ஆளுக்கு ஆள் கோட்டுக்கு வெளியே நின்று மூன்று பாயிண்டுக்கு எறிகிறார்கள், பத்து எறிந்தால் மூன்று விழுகிறது, கூடைக்குக் கீழே போய் முட்டி மோதிப் போடுவதற்கு யாருக்கும் உடம்பு வணங்குவதில்லை. காலேஜ் பிள்ளைகளாவது ஒழுங்காக ஆடுவார்கள் என்று பார்த்தால் ஹூஸ்டன் பையன்கள் ஃபைனலில் பன்னிரண்டு பாயிண்ட் முன்னால் இருந்துவிட்டுக் கோட்டை விட்டார்கள், அதுவும் கடைசி சான்ஸில் பந்தைக் கூடைப் பக்கம் எறியக்கூட இல்லை. நான் போட்ட சத்தத்தில் அப்பா பயந்து எழுந்து வந்துவிட்டார். நம் ஊர் காலேஜ் டீமைப் பற்றி எழுதவே வேண்டாம். நாடே பேசுகிற இரண்டு பையன்கள் வந்தும் மார்ச் டோர்னமென்ட்டுக்குள் போக முடியவில்லை, அவர்களும் ஒரே வருஷத்தோடு கிளம்புகிறார்கள். இருக்கிற மற்ற பிள்ளைகளில் எத்தனை பேர் டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டு எங்கே போவார்களோ தெரியாது. ஒரு பையன் முகம் மனதில் பதிவதற்குள் அவன் வேறு ஊர் பனியன் போட்டு நிற்கிறான். வருஷா வருஷம் கல்யாணத்தில் புது சம்பந்தி வீட்டு ஆட்களைப் பார்ப்பதுபோல யார் யார் என்று கேட்டுக்கொண்டே உட்கார வேண்டியிருக்கிறது.

அந்தக் குழப்பத்தில்தான் இனியா நான் ஏமாந்துபோனேன். போன சீசனிலேயே அப்பா பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்ல ஆரம்பித்தார். யாருக்குத்தான் குழப்பம் இல்லை என்று நான் விட்டுவிட்டேன். எனக்கே பாதிப் பெயர் தெரியாது, டிவியில் பேசுகிறவர்களே சில சமயம் தடுமாறுகிறார்கள். கோவிலுக்குப் போகிற திருப்பத்தை விட்டுவிட்டு நேராக ஓட்டினால் கவலைப்பட்டிருப்பேன், உப்பை இரண்டு தரம் போட்டால் கவலைப்பட்டிருப்பேன், ஆனால் அவர் வண்டியையும் வீட்டையும் ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டார், பாஸ்கெட்பால் பெயர்கள் மட்டும்தான் தவறின. அதனால் அதை ஒரு வேடிக்கையாக எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாயே, ஞாபகம் இருக்கும். வழக்கம்போல எடுத்ததும் அப்பா நேத்து யாரு டாப் ஸ்கோர் சொல்லுங்க பாப்போம் என்று கேட்டாய். அவர் நம் காலேஜ் டீமில் சென்டர் ஆடிய பையன் பெயரைச் சொன்னார். அந்தப் பையன் போன வசந்த காலத்திலேயே வேறு காலேஜுக்குப் போய்விட்டான். நீ விழுந்து விழுந்து சிரித்து, அப்பா எந்த உலகத்துல இருக்கீங்க, அவன் போயி எவ்ளோ மாசம் ஆச்சு என்றாய், அன்று சாயங்காலமே ஃபேமிலி குரூப்பிலும் போட்டாய். அதற்கு முதலில் சிரிப்புப் படம் போட்டவள் நான்தான், அதை மறைக்க மாட்டேன். அடுத்த ஞாயிறு போன் அடித்ததும் அவர் மாடிக்குப் போய்விட்டார், தூங்கறேன்னு சொல்லிப்போடு என்றார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. நீ இரண்டு மூன்று வாரம் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு ஈகோம்மா, கோபம் தீந்ததும் அவரே கூப்பிடட்டும் என்றாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பனும் மகனும் முறுக்கிக்கொண்டு எத்தனை நாள் இருப்பார்கள் பார்க்கலாம் என்று உங்கள் இரண்டு பேர் மேலேயும் எனக்குக் கோபம்தான் இருந்தது.

பிப்ரவரியில் பசீர் பாய் வீட்டுக்கு வந்தார். உனக்குத் தெரியுமே, பத்து வருஷமாகக் காலேஜ் ஆட்ட அரங்கத்தில் அப்பாவுக்கு அடுத்த சீட் அவருடையது, இரண்டு பேரும் ஒரே காரில்தான் போவார்கள். ஹாஃப்டைமில் பாப்கார்ன் வாங்கப் போன அப்பா ஆட்டம் ஆரம்பித்தும் திரும்பி வரவில்லை என்றும், தேடிப்போனால் எதிர்ப்பக்கம் எங்கேயோ யாரோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் நடுவில் பாப்கார்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றும் சொன்னார். அண்ணனைக் கொஞ்சம் டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா என்றார். நான் அவரை என்ன பேசினேன் தெரியுமா, பத்தாயிரம் பேர் கூட்டத்துல நீங்க வழி தவற மாட்டீங்களா, ஒரு சீட்டு மாறி உக்காந்தா நோயா என்று முகத்தில் அடித்ததுபோலப் பேசி அனுப்பினேன். அந்த மனிதர் அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் மார்ச்சில் கடைசி ஹோம் கேமுக்கு நோன்பு வைத்த உடம்போடு வந்து அப்பாவைக் கூட்டிப்போய், பாத்ரூம் வாசல் வரைக்கும் கூடவே நின்று, பத்திரமாகக் கொண்டுவந்து விட்டார். அதற்கப்புறம்தான் எனக்குப் புத்தி வந்து டாக்டரிடம் போனோம்.

டாக்டரம்மா ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். ஆயுசு முழுக்கப் பாலத்துக்கும் கட்டிடத்துக்கும் படம் போட்ட கை, எண்களை ஒரே பக்கமாக அடுக்கிவிட்டு அடுத்த பாதியைக் காலியாக விட்டது. ஸ்கேன், ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, மறதி நோய்தான், ஆரம்பக் கட்டம், மாத்திரை வேகத்தைக் குறைக்கும், திருப்பிக் கொண்டுவராது என்றார்கள். காரில் ஏறியதும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, இனியன்கிட்ட சொல்லாத புள்ள, புது வேலைல இருக்கான், அவன் பொழப்பப் பாக்கட்டும் என்பதுதான். சத்தியம் வாங்கிக்கொண்டார். நம் வீடுகளில் தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கெட்ட சேதி சொல்லக்கூடாது என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, உன் தாத்தா படுத்ததையே எங்களுக்கு இருபது நாள் கழித்துத்தான் சொன்னார்கள், அப்பா இன்றைக்கு வரைக்கும் அதை மன்னிக்கவில்லை. அதையே உனக்குச் செய்யப் பார்க்கிறார். நான்கு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சத்தியத்தை மீற வைத்தது போன வாரம்தான். குளிர்காலக் கோட்டுகளை டிரை க்ளீனிங் போடுவதற்காகப் பைகளைத் துழாவினேன். அப்பாவின் கோட்டு உள்பையில் நான்காக மடித்த காகிதங்கள், பதினைந்து பதினாறு இருக்கும். ஒவ்வொன்றிலும் மேலே சனிக்கிழமைத் தேதி, கீழே அவருடைய அச்சடித்ததுபோன்ற தமிழ் எழுத்தில் நம் டீம் பிள்ளைகளின் நம்பர், பெயர், அன்றைய ஆட்டத்தில் யார் எத்தனை பாயிண்ட் என்று வரிசையாக இருந்தது. ஞாயிறு உன் போனுக்குத்தான் இனியா. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைபோல சனிக்கிழமை எழுதி வைத்து மனப்பாடம் செய்திருக்கிறார். டிசம்பரில் உன் சிரிப்புக்கு அப்புறமும் விடவில்லை, ஒவ்வொரு வாரமும் எழுதி, எழுதியது மனதில் நிற்கவில்லை என்று தெரிந்துதான் மாடிக்குப் போயிருக்கிறார். அந்த மனிதருக்கு உன் மேல் ஒரு பொட்டுக் கோபம் கிடையாது, பயம்தான். கடைசிக் காகிதம் மார்ச்சில் எழுதியது. அதில் ஆட்டக்காரர்கள் மூன்றே பேர். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, மகன் இனியன், பிளானோ, மருமகள் மாளவிகா, பேரன் என்று எழுதி, பேரனுக்கு நேராக ஏதோ ஒரு பெயரை அடித்துவிட்டு, க்ரிஷ், ஆறு வயது என்று எழுதியிருந்தார். கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு துணி அலமாரி அறைக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். காகிதங்களைப் பழையபடி மடித்துப் பையிலேயே வைத்துவிட்டேன், கோட்டை டிரை க்ளீனிங்குக்குப் போடவில்லை.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை கண்ணு, சிரித்ததில் என் பங்குதான் அதிகம். நீ ஒரு தரம் வா. லீவு கிடைக்குமா, டிக்கெட் எப்படி என்றெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காதே, மே மாதத்துக்குள் வா. க்ரிஷ்ஷையும் கூட்டி வா, அவன் இங்கிலீஷிலேயே பேசட்டும் பரவாயில்லை, தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ப்ளேஆஃப் ஆட்டம் பார்க்கட்டும். அவர் பெயரை மாற்றிச் சொன்னால் ஆமாம் தாத்தா என்று மட்டும் சொல்லச் சொல்லிக்கொடு. மாளவிகாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு, மறைத்தது போதும். மழையில் டோல்வே ரோட்டில் வேகமாகப் போகாதே.

பழனி ஆண்டவன் உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளும் தெளிந்த மனதும் கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. வீட்டுக்கு வருகிற நம் ஆட்கள் எல்லாரும் வாசலிலேயே நின்று, என்னைத் தெரியுதா, யாருன்னு சொல்லுங்க பாப்போம் என்றுதான் கேட்கிறார்கள். நீ விளையாட்டுக்குக்கூட அப்படிக் கேட்டுவிடாதே. அவர் கதவைத் திறந்ததும், அப்பா, நான் இனியன் வந்திருக்கேன் என்று நீயே முதலில் சொல்லிவிடு. தெரிந்திருந்தால், ஏண்டா எனக்குத் தெரியாதா என்று திட்டுவார். அந்தத் திட்டை வாங்கிக்கொள்.

உன் அம்மா,
வசந்தாமணி