ஒன்பது அடிபம்புகள்

பவானிபூர், கொல்கத்தா
ஜூலை 20

அன்புள்ள வத்சலாவுக்கு கிரிதர் எழுதுவது. இங்கே நலம். சேலத்தில் நீயும் என் அம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள். போனில் சொன்னால் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், பாதி விஷயம் நின்றுபோகிறது. அதனால்தான் கடிதம். படித்துவிட்டு நிதானமாக அழலாம்.

அம்மாவை மாடிப்படி ஏற விடாதே. முறிந்த இடுப்பு எலும்பு இந்த வயதில் லேசில் சேராது. ரசத்தில் நீ உப்பைக் குறைக்கிறாய் என்று போனில் சொன்னாள். அவள் விருப்பப்படி போடு.

எனக்கு இங்கே மூச்சுவிட நேரமில்லை. பத்து வருடத்தில் எங்கள் பல்கலைக்கழகம் செய்த ஆராய்ச்சியெல்லாம் ஒரே தொகுப்பாக வரப்போகிறது. அதற்கு என்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். எல்லாத் துறைக்காரர்களும் என் அறை வாசலில்தான். மீன்வளத் துறையில் ஒருவர் ஒரே கெளுத்தி மீனை வைத்து நாலு கட்டுரை எழுதியிருக்கிறார். வங்காள மொழித் துறைத் தலைவர் ஒரு புத்தகத்தை ஒன்றாக எண்ணுவதா, அத்தியாயத்துக்கு ஒன்றாக எண்ணுவதா என்று தினமும் வந்து சண்டை போடுகிறார். சணல் நார் ஆராய்ச்சிக்காரர்கள் மட்டும் சத்தமில்லாமல் இருக்கிறார்கள். கட்டுரை எண்ணிக்கையில் இயற்பியல் துறை நம் துறையைவிட முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் ஷிமுல்டாங்கா கிராமத்துக் குடிநீர் பற்றிய கட்டுரையை அவசரமாக வெளியிட வேண்டியதாயிற்று. மே மாதமே வந்துவிட்டது.

ஆசிரியர் வரிசையில் உன் பெயர் இல்லை. நானே சொல்லிவிடுவது நல்லது. உன் ஆய்வக வேலை ஒப்பந்தம் மார்ச்சோடு முடிந்தது. அதைப் புதுப்பிக்க நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். கணவனே மனைவிக்குப் போட்டால் நாலு பேர் பேசுவார்கள். உன் இடத்தில் சாதனாவை எடுத்திருக்கிறேன். நல்ல பெண், எதிர்த்துப் பேசுவதில்லை. கட்டுரையின் கடைசியில் குடும்பத்தாருக்கு நன்றி என்று ஒரு வரி போட்டிருக்கிறேன். அது நீதான்.

கோடைகால அளவுகளை மறுபடி எடுக்க வேண்டும், கருவியின் விளக்கு பழுதாகியிருந்தது, ஆர்சனிக்கைக் குறைத்துக் காட்டியிருக்கிறது என்று ஹவுரா ஸ்டேஷன் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாய். மறக்கவில்லை. அதற்கெல்லாம் நேரம் எங்கே இருந்தது? இருந்த அளவுகளைப் போட்டேன். நீ ஃப்ரிட்ஜில் சேர்த்து வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களைப் போன வாரம் கொட்டச் சொல்லிவிட்டேன். சாதனாவுக்கு இடம் வேண்டியிருந்தது.

நல்ல செய்தியும் இருக்கிறது. நம் கட்டுரையைப் பார்த்து பிளாக் ஆபீஸ்காரர்கள் ஷிமுல்டாங்காவில் ஒன்பது அடிபம்புகளில் குடிக்கக் கூடாது என்று அடித்திருந்த சிவப்புப் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, குடிக்கலாம் என்று பச்சை அடித்துவிட்டார்கள். விழா எடுத்து எனக்கு மாலை போட்டார்கள். எல்லோர் முன்னாலும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். நல்ல குளிர்ந்த தண்ணீர். நீ அண்ணி முறை வைத்துக் கூப்பிடும் உன் மாலதி பௌதி கூட்டத்தில் நின்று கை தட்டினாள். இனிமேல் பக்கத்து ஊர் வரைக்கும் குடம் தூக்கிப் போக வேண்டாம் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

நீ திரும்பி வர அவசரப்படாதே. அம்மாவுக்கு நீ பக்கத்தில் இருப்பதுதான் தைரியம்.

ஆசிகளுடன்,
கிரிதர்

*

சேலம்
செப்டம்பர் 2

உங்களுக்கு வத்சலாவின் நமஸ்காரம்.

அம்மா தை மாதத்திலிருந்தே கைத்தடி இல்லாமல் நடக்கிறார். பங்குனியில் டாக்டரே இனி ஆள் துணை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டையும் அப்போதே உங்களிடம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒரு மாதம் என்றீர்கள். நானும் இருந்தேன்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "உன் பேர் இல்லேன்னா என்ன, ஆத்துக்காரன் பேர் இருக்கோல்யோ" என்றார். பிறகு சீரியல் பார்க்கப் போய்விட்டார். என் பெயரைப் பற்றி நானும் இதில் எழுதப் போவதில்லை. அது எனக்கு வேண்டாம்.

போன மாதம் நான் சென்னையில் அண்ணா வீட்டுக்குப் போனதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஷிமுல்டாங்காவுக்குப் போயிருந்தேன். ஒன்பது பம்புகளிலும் புதிதாகத் தண்ணீர் பிடித்தேன். அதை ஜாதவ்பூரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுப்பதற்காக மெட்ரோவில் போனபோது நம் நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது, மூடியது. நான் இறங்கவில்லை. காளிகாட்டில் இறங்கி பஸ் பிடித்தேன்.

முடிவு வந்துவிட்டது. ஒன்பதில் ஆறு பம்புகளின் தண்ணீர் குடிக்கக் கூடாதது. மாலதி பௌதியின் வாசலில் இருப்பதில்தான் எல்லாவற்றையும்விட அதிகம். அவள் உள்ளங்கைகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். முன்பு மச்சம் மாதிரி இருந்தவை இப்போது காய்ப்புக் காய்ப்பாகத் தடித்திருக்கின்றன. எனக்குப் பொரி கலந்து கொடுத்த கையை அவள் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

இந்தத் தண்ணீரைக் குடிக்காதே என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். "தீதி, பெரிய பாபுவே எங்க முன்னாடி குடிச்சாரே! உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா?" என்று கேட்டாள். ஒரு டம்ளர் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். வருடக்கணக்காகக் குடித்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். அவளுக்கு என்னை நம்பக் காரணமில்லை. மாலை போட்டுக்கொண்டு நின்றவர் நீங்கள்.

பிளாக் ஆபீசுக்கும் கட்டுரை வந்த பத்திரிகைக்கும் நானே இன்றைக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பதினோரு வருடம் உங்களோடு வாழ்ந்திருக்கிறேன். தப்பைத் திருத்தியவர் என்ற பெயராவது உங்களுக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். மகாளய அமாவாசைக்குள் நீங்களே எழுதிவிடுங்கள். ஆய்வக முடிவின் நகல் இதோடு இருக்கிறது. அதற்குள் எழுதாவிட்டால் நான் எழுதுவேன்.

உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் அந்த ஊருக்கு நேரில் போய் உங்கள் வாயால் சொல்லுங்கள். காகிதம் எப்போது வேண்டுமானாலும் போகட்டும்.

வத்சலா

*

பவானிபூர், கொல்கத்தா
அக்டோபர் 3

அன்புள்ள வத்சலாவுக்கு விஜயதசமி ஆசிகள். நேற்றுத்தான் துர்க்கையைக் கரைத்தார்கள். தெருவில் இன்னும் தாரை தப்பட்டை ஓயவில்லை. எல்லோரும் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களை வணங்கி இனிப்புச் சாப்பிடுகிறார்கள். கீழ்வீட்டு மாசிமா உன்னைக் கேட்டாள். மாமியாரை இப்படிப் பார்த்துக்கொள்கிற மருமகள் எங்கே கிடைப்பாள் என்று எனக்கு இரண்டு நாடு அதிகமாகக் கொடுத்தாள். அதுதான், அந்தத் தேங்காய் உருண்டை.

நீ மகாளயம் வரைக்கும் அவகாசம் கொடுத்தது உன் நல்ல மனசு. நான் அதை வீணாக்கவில்லை. கடிதம் கிடைத்த அன்றே துணைவேந்தரைப் பார்த்து, கட்டுரையில் பிழை இருப்பதாக நானே ஒப்புக்கொண்டேன். உடனே விசாரணைக் குழு போட்டார்கள். இரண்டே அமர்வில் முடிந்துவிட்டது. கோடைகால அளவுகளை எடுத்தது யார் என்று கேட்டார்கள். நீதானே எடுத்தாய்? உண்மையைச் சொன்னேன். கருவி பழுதானதை யாரிடமாவது எழுத்தில் தெரிவித்தாரா என்று கேட்டார்கள். எழுத்தில் இல்லை என்றேன். ஸ்டேஷனில் பேசியதெல்லாம் எழுத்தாகுமா? பொறுப்பை ஒப்படைக்காமல் விடுப்பில் போனவர் என்று எழுதிக்கொண்டார்கள். சாதனாவும் அப்படித்தான் சாட்சி சொன்னாள். கொஞ்சம் தடுமாறினாள். அவளுடைய தீசிஸ் என் மேஜையில் இருக்கிறது என்பது ஞாபகம் வந்ததும் சரியாகச் சொல்லிவிட்டாள்.

பத்திரிகை கட்டுரையைத் திரும்பப் பெறுகிறது. அடுத்த இதழில் அறிவிப்பு வரும். பிழையான அளவுகளை எடுத்தவர் என்று உன் முழுப் பெயரும் அதில் இருக்கும். வேண்டாம் என்றுதான் நீ எழுதியிருந்தாய். ஆனாலும் அவர்கள் போடுகிறார்கள். இனி எந்த ஆய்வகத்திலும் உன்னை எடுக்க மாட்டார்கள் என்று வருத்தப்படாதே. உனக்கு வேலைக்குப் போயே தீர வேண்டும் என்ற நிலைமை இல்லை.

தன் மனைவி என்றுகூடப் பார்க்காமல் உண்மையைச் சொன்னவர் என்று துணைவேந்தர் என்னைச் சபையில் பாராட்டினார். ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் பதவி தை மாதம் கைக்கு வந்துவிடும். ஒரே குறை, அந்தக் கட்டுரை தொகுப்பிலிருந்து போய்விட்டதால் இயற்பியல்காரர்கள் நம்மை முந்திவிட்டார்கள்.

ஷிமுல்டாங்காவைப் பற்றிக் கேட்டிருந்தாய். மறு ஆய்வுக்குக் குழு சிபாரிசு செய்திருக்கிறது. புதிதாக டெண்டர் விட வேண்டும். குளிர்காலம் முடிந்து ஏதாவது செய்வார்கள். உன் தனியார் ஆய்வகத்து முடிவை அவர்கள் ஏற்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரே பிடித்துக் கொடுத்த தண்ணீர் அல்லவா? நீ இப்போது எங்கே எழுதினாலும் அதையேதான் சொல்வார்கள். அதுவரை பம்புகள் பச்சையாகவே இருக்கும். நடுவில் போய்ச் சொன்னால் ஊரில் வீண் பீதி. நான் போகவில்லை.

பூஜைக்கு முன்னால் மாலதி உன்னைத் தேடி யூனிவர்சிட்டி வாசலுக்கு வந்திருந்தாள். மகனைக் கூட்டி வந்திருந்தாள். அவனுக்கும் கையில் ஏதோ வந்திருக்கிறதாம். தீதி சொன்னது நிஜமா என்று என்னைக் கேட்டாள். தீதிக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாளாக ஏதேதோ சொல்கிறாள், ஊரில் வைத்தியம் பார்க்கிறோம் என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. காளிகாட்டுக்குப் போய் உனக்காக வேண்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். போயிருப்பாள்.

நீ இப்போது இங்கே வர வேண்டாம். என்னைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சங்கடம். அம்மா போனில் பேசினாள். நீ மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

பண்டிகை நாளில் மூத்தவர்கள் ஆசி சொல்லாமல் கடிதத்தை முடிக்கக் கூடாது. மனசார வாழ்த்துகிறேன். தீர்க்க சுமங்கலியாக இரு.

கிரிதர்