மூட்டுக்கு மட்டும் போன மருந்து

அன்புள்ள அண்ணா,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: ஜெயித்துவிட்டோம்!

மூட்டுவாதத்துக்கு நான் வாங்கித் தந்த ஸ்டீராய்டு மாத்திரைதான் உன் இடுப்பெலும்பை அரித்து, உன்னை பஸ் டிரைவர் சீட்டிலிருந்து இறக்கியது. "வலிக்கிற இடத்துக்கு மட்டும் போகத் தெரியாதா உன் மருந்துக்கு?" என்று கேட்டாய். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாய்.

நான் ஆய்வகமே கதியென்று கிடந்தேன். ஸ்டீராய்டை ஆன்டிபாடி என்ற ஒரு புரதத்தோடு இணைத்தோம். வீக்கத்தைக் கிளப்பும் செல்லை அது தேடிப்போய் ஒட்டிக்கொண்டு, அதற்குள் மட்டும் மருந்தை இறக்கும். ஏழு முறை தோற்றோம். "அக்காவுக்குப் பிடிவாதம் முத்திப்போச்சு" என்று ஆய்வகத்துப் பிள்ளைகளே சிரித்தார்கள்.

ஒரு வருஷம் ஊசி போட்டுக்கொண்ட நாற்பது பேரின் முடிவும் இன்று வந்தது. மூட்டு வீக்கம் வடிந்திருக்கிறது. எலும்பு ஸ்கேனில் ஒருவருக்கும் தேய்மானம் இல்லை! அவர்களில் ஒரு தையல்கார அம்மாவிடம் சொல்லும்போது நான் அழுதுவிட்டேன். "நல்ல சேதி சொல்லிட்டு நீங்க எதுக்கும்மா அழறீங்க?" என்று கேட்டு, வீக்கத்தில் மடங்கிக் கிடந்து இப்போது நேராக நீண்ட விரல்களால் என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

உன் இடுப்பை இது திருப்பித் தராது. தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். திட்டுவதானாலும் நேரில் திட்டு. உன் குரலைக் கேட்டுப் பதினோரு வருஷமாகிறது.

உன் தங்கச்சி