அண்ணாவின் பெயரைக் கூட்டிப் பார்த்தவர்

என் தலையில் குட்டுவதற்கென்றே எனக்கு முன்னால் பிறந்த அருமை அண்ணாவுக்கு,

வீட்டில் இப்போது உன்னைத் தவிர எல்லோரும் இருக்கிறார்கள். அழ வருகிறவர்களைப் பொறுத்துக்கொள்ளலாம். கணக்கோடு வருகிறவர்களை என்ன செய்வது?

தேவன் மாமாவைத்தான் சொல்கிறேன். அப்பாவின் கூட்டாளி, டோர்ட்மண்டில் பாதித் தமிழ்க் குழந்தைகளுக்கு எண்சாத்திரம் பார்த்துப் பெயர் வைத்தவர். ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஓர் எண், கூட்டினால் ஆளின் தலைவிதி. சோபாவில் நீ இருக்கும் மூலையில் சாய்ந்துகொண்டு உன் பெயரைக் கூட்டினார்.

"தர்ஷன். இருபத்தாறு. ரெண்டையும் ஆறையும் கூட்ட எட்டு. எட்டெண்டால் சனியன்ரை எண். உந்தப் பேரை ஆர் வைச்சது?"

அம்மாதான் வைத்தார். மாமா அப்படிக் கேட்டதிலிருந்து சோற்றைப் பிசைகிறார், வாயில் வைப்பதில்லை. லொறிக்காரன் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் கண்ணயர்ந்துதான் உன்னை மோதினான் என்று பொலிஸே சொன்னது. லொறியை விட்டுவிட்டு அம்மாவைப் பிடிக்கிற கணக்கு என்ன கணக்கு?

அதோடு விட்டாரா? உன் சாம்பல் வைத்த இடத்துக் கல்லில் பெயர் வெட்டப்போகிறோம் என்று கேள்விப்பட்டு மறுபடி வந்தார். இன்னொரு 'ஏ' போட்டால் இருபத்தேழாம், நல்ல எண்ணாம். போடாவிட்டால் தோஷம் என்னைப் பிடிக்குமாம். இனி உனக்கு அதிர்ஷ்டப் பெயர் எதற்கு, லொத்தரா விழப்போகிறது? ஆனால் அம்மா எனக்காகப் பயந்துவிட்டார்.

"போட்டிட்டுப் போவமே, பிள்ளை," என்றார்.

நான் மாமாவின் எழுத்தெண் அட்டவணையை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தேன். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரி தந்த கேக்கை அவர் வெட்டிக்கொண்டிருந்தார். இங்கே அதற்குக் கூகன் என்று பெயர்.

"மாமா, கூகனும் இருபத்தாறுதான். பாத்துச் சாப்பிடுங்கோ."

"செத்த வீட்டிலை பகிடி விடாதை."

"பகிடியில்லை. உங்கட பேரையும் கூட்டினனான். அதுவும் இருபத்தாறு."

"அது எனக்குத் தெரியும்," என்றார், வெட்கமே இல்லாமல். "எனக்குப் பிறந்த திகதி பலம். அதாலை பேர் ஒண்டும் செய்யாது."

குசினி வாசலில் அம்மா நின்றார்.

"அப்ப பேர் ஆளைக் கொல்லாது எண்டுறியள், தேவண்ணை."

"அப்பிடியில்லைத் தங்கச்சி, அது வந்து..."

அம்மா அவர் முன்னால் இருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அன்று பின்னேரம் நான் வைத்த பருப்பில் உப்புக் காணாது என்று என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டே சாப்பிட்டார், அண்ணா. உனக்குச் சொல்ல வேண்டிய செய்தி அதுதான்.

நாளைக்குக் கல் வெட்டுகிறவரிடம் நானே போகிறேன். அம்மா வைத்த பெயர், அம்மா வைத்தபடியே இருக்கும். தோஷம் வந்தால் வரட்டும். அதற்கும் நான் வாய் காட்டுவேன்.

இப்படிக்கு,
உன்னிடம் குட்டு வாங்கியே வளர்ந்த ஒரே தங்கச்சி