நைட்ரைட் இறங்காத நாட்கள்

வாளியில் உப்பு கரைந்துகொண்டிருக்கிறது. பொம்மனஹள்ளியின் இந்த இரண்டாம் மாடி வீட்டில் கடல் வாடை எழும்போதெல்லாம், நீ உள்ளறையில் படுத்திருப்பதாகவே தோன்றுகிறது.

பொம்மசந்திரா தொழிற்சாலையில் பதினாறு வருடம் தண்ணீர் சோதித்தவள் நீ. நுரையீரல் கெட்டு வேலையை விட்டதும், கட்டிலிலிருந்தே பார்க்க ஒரு கடல்மீன் தொட்டி கேட்டாய். கல், மணல், உப்புநீர் எல்லாம் வந்தன. மீனுக்கு மட்டும் அவசரப்படக் கூடாது என்றாய். புதுத் தொட்டியில் முதலில் அம்மோனியா ஏறும், அப்புறம் நைட்ரைட், இரண்டும் விஷம், அவற்றைத் தின்னும் பாக்டீரியா கல்லில் பெருக ஐந்தாறு வாரமாகும் என்று விளக்கினாய்.

மூன்றாவது வாரம் டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, இனி நாள் கணக்குதான் என்றார்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் சோதித்தேன். சோதனைக் குழாயில் நைட்ரைட் இறங்காமல் ஊதா நிறத்திலேயே நின்றது. கடையில் கொடுத்த பாக்டீரியா திரவத்தை அளவுக்கு மேல் ஊற்றினேன். பாதித் தண்ணீரை மாற்றினேன். மறுநாள் மறுபடியும் ஊதா. அந்தக் குழாயிடம் வாய்விட்டுக் கெஞ்சியிருக்கிறேன்.

கடைசியில், இறங்கிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லி, இரண்டு க்ளவுன் மீன்கள் வாங்கி வந்து தொட்டியில் விட்டேன். அன்று முழுக்க நீ சிரித்த முகமாக இருந்தாய். மறுநாள் காலை இரண்டும் மேல்மட்டத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. நீ ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினாய்.

"தண்ணி இன்னும் சரியாகல, இல்ல?"

நான் தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மூச்சு கிடைக்காம தவிக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ங்க. கடையிலயே விட்டுட்டு வாங்க."

கடைக்காரரின் பழைய தொட்டியில் அவை பிழைத்துக்கொண்டன. நான் திரும்பியபோது, நீ காலித் தொட்டியைப் பார்த்தபடி படுத்திருந்தாய். நான்காம் நாள் போய்விட்டாய்.

அதற்கு ஒன்பது நாள் கழித்து நைட்ரைட் பூஜ்யம் காட்டியது. யாரிடம் காட்டுவதென்று தெரியாமல் குழாயோடு நின்றேன்.

ஏழு மாதமாகிறது. இன்னும் மீன் விடவில்லை. பாக்டீரியா பட்டினியில் செத்துவிடக் கூடாதென்று, இரண்டு நாளுக்கொருமுறை சில சொட்டு அம்மோனியா விடுகிறேன். கடைக்காரர் விசாரித்தால் தண்ணீர் சரியாகவில்லை என்கிறேன். தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது.

உன்னிடம் சொன்ன அந்தப் பொய் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. தெரிந்தும் நீ ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. என்னை ஒருமுறை திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.